பிள்ளைக்குப் பெயரும் அதன் ஸ்பெல்லிங்கும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் என்று பேசிப் பேசி அலுத்துவிட்டது, இந்த மாதம் வேறு ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நம் குடியிருப்பில் கைக்குழந்தை இருக்கும் வீடுகள் இப்போது அதிகம். ஆகவே பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களைப் பற்றியும், அந்தப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் புதுப்புது விதங்களைப் பற்றியும் பேசலாம் என்று நினைத்தேன். வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்து முப்பது வருடங்களுக்கு மேல் மற்றவர்கள் பெயரை எழுதியவன் என்ற ஒரு தகுதிதான் எனக்கு இதில் உண்டு.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். "அந்தக் காலத்துப் பெயர்தான் பெயர், இப்போது வைப்பதெல்லாம் பெயரா" என்று புலம்ப நான் வரவில்லை. பெயரில் மோகம் எல்லாக் காலத்திலும் இருந்தது. 1916 வாக்கில் சுவாமி வேதாசலம் தன் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டார். வேதம் என்றால் மறை, அசலம் என்றால் மலை. மறைமலையடிகள் என்றுதான் இன்று அவரை அறிகிறோம். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். 1953 மார்ச் 1-இல் பிறந்த ஒரு பிள்ளைக்கு ரஷ்யத் தலைவர் ஸ்டாலின் பெயர் வைக்கப்பட்டது. பெயர் வைப்பதில் புதுமை நமக்குப் புதிதே அல்ல. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பெயர்களை மாற்றியவர்கள் பொருளை மாற்றினார்கள், அல்லது ஓசையை மாற்றினார்கள். காதில் விழுந்தவுடனேயே மாற்றம் தெரிந்தது. இன்று நாம் பெரும்பாலும் மாற்றுவது ஆங்கில எழுத்துகளை மட்டும். அது காதில் விழுவதே இல்லை.

இன்றைய பெயர்கள் எப்படி இருக்கின்றன என்று நம் விளையாட்டுத் திடலில் மாலை ஐந்து மணிக்கு நின்று கேட்டால் தெரியும். ஒரு பக்கம் தர்ஷினி, வர்ஷினி, ஹர்ஷித், ரித்விக், ருத்விக், தன்விக். இன்னொரு பக்கம் யாழினி, மகிழன், ஆதிரை, நிலா. மூன்றாவதாக, வெளிநாட்டில் கூப்பிடவும் சுலபமாக இருக்கட்டும் என்று ஆரவ், மாயா, கியாரா போன்ற சின்னப் பெயர்கள். எனக்கு மூன்றிலும் பிடித்தவை இருக்கின்றன. யாழினி என்று ஒரு குழந்தையைக் கூப்பிடும்போது நமக்கே வாய் இனிக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் ஓர் ஆசை: "எங்கள் பிள்ளை பெயர் தனியாகத் தெரிய வேண்டும்." நியாயமான ஆசைதான். என் காலத்தில் இந்த ஊர் வகுப்பறையில் "முருகன்" என்று வாத்தியார் கூப்பிட்டால் நான்கு பேர் எழுந்து நிற்பார்கள். அதைத் தவிர்க்கத்தான் இன்றைய பெற்றோர் பாடுபடுகிறார்கள். புதுப் பெயர் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் பழைய பெயரிலேயே ஆங்கிலத்தில் ஓர் 'எச்' சேர்க்கிறார்கள். கடைசியில் ஓர் 'ஏ' போதாதென்று இரண்டு போடுகிறார்கள். 'ஐ' இருந்த இடத்தில் இரண்டு 'ஈ', அல்லது ஒரு 'ஒய்'. ஒரு வகுப்பில் ஐந்து தர்ஷினிகள் ஐந்து ஸ்பெல்லிங்கோடு இருக்கலாம். டீச்சர் "தர்ஷினி" என்று கூப்பிட்டால் ஐந்து பேரும்தான் எழுந்து நிற்பார்கள்.

அதாவது, ஸ்பெல்லிங்கை மாற்றுவதால் மனிதர்கள் காதுக்குப் பிள்ளை தனியாகத் தெரிவதில்லை. கணினிக்கு மட்டும்தான் தெரிகிறாள். அந்தக் கணினிக்கோ ஆதாரிலும் பாஸ்புக்கிலும் மதிப்பெண் சான்றிதழிலும் அவள் ஒரே ஆளாகத் தெரிய வேண்டும்! நான் இன்று சொல்ல வந்ததே இவ்வளவுதான். இனி இதற்கான விவரங்கள்.

இந்தக் குழப்பம் ஏன் நமக்கு மட்டும் இவ்வளவு அதிகம்? தமிழ் எழுத்தின் அமைப்பு ஒரு காரணம். நமக்கு 'க' ஒன்றுதான். அதையே கண்ணன் என்னும்போது ஒரு விதமாகவும், தங்கம் என்னும்போது வேறு விதமாகவும், முருகன் என்னும்போது இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறோம். தமிழில் எழுதும்போது எந்தக் குழப்பமும் இல்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் 'கே' போடுவதா, 'ஜி' போடுவதா, 'எச்' போடுவதா என்ற கேள்வி வருகிறது. சுப்பிரமணியன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எண்ணினால் இரண்டு கைவிரல்கள் போதாது.

நம் ஊருக்கே பாருங்கள். திருத்தணியை 'டி' மட்டும் போட்டு எழுதுகிறவர்கள் உண்டு, 'டி எச்' போட்டு எழுதுகிறவர்களும் உண்டு. கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே பஸ் நிலையம் வரை நடந்தால் தெரியும். 2020-இல் தமிழ்நாடு அரசு, ஊர்ப் பெயர்களின் ஆங்கில ஸ்பெல்லிங் தமிழ் உச்சரிப்போடு பொருந்த வேண்டும் என்று 1,018 ஊர்களுக்குப் புது ஸ்பெல்லிங் வெளியிட்டது. நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் வந்த நீளமான புது ஸ்பெல்லிங்குகளைப் பார்த்து எதிர்ப்புக் கிளம்பி, சுமார் ஒரு வாரத்தில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஓர் அரசாங்கமே மாற்றிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிய வேலையை நாம் மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் செய்துவிடுகிறோம்.

நம் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் எல்லையில் இருக்கிறோம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் அதற்காகப் போராடினார்கள். எல்லைக்கோடு மாறியதே தவிர வீடுகள் மாறவில்லை. இன்றும் நம் பிளாக்குகளில் பாதி வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுகிறோம். ஒரே சாமி பெயரை ஒரு வீட்டில் சுப்பராயன் என்றும், பக்கத்து வீட்டில் சுப்பராயுடு என்றும் வைக்கிறோம்.

இனிஷியலிலும் இதே கதை. நம் ஊரில் 1888-இல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயருக்கு முன்னால் இருக்கும் 'எஸ்' என்ன? சர்வேபள்ளி. அது நெல்லூர்ப் பக்கத்து ஊரின் பெயர், அவர்கள் குடும்பத்துக்கு வீட்டுப் பெயர். தெலுங்கு வழக்கப்படி வீட்டுப் பெயர் முன்னால் வரும். அவர் தந்தை வீராசாமி. நம் தமிழ் வழக்கப்படி எழுதியிருந்தால் அவர் வீ. ராதாகிருஷ்ணன் ஆகியிருப்பார்! தமிழ்நாட்டிலோ 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. அந்த வழியில் பெயருக்குப் பின்னால் இருந்த சாதி போய், முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் நின்றது. இரண்டும் நல்ல வழக்கங்களே. ஆனால் ஒரே தெருவில் இரண்டும் இருக்கும்போது, எந்த வீட்டில் எது என்று விண்ணப்பம் நிரப்பும் மூன்றாவது மனிதருக்குத் தெரியாது.

அதிலும் பிரசவத்துக்குத் திருப்பதிக்குப் போகிறவர்கள் நம்மில் நிறைய. பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அங்கேதான் பதிவாகும். அங்கே வாங்கும் சான்றிதழில் தெலுங்கும் ஆங்கிலமும் இருக்கும், தமிழ் இருக்காது. பிறகு இங்கே பள்ளியில் சேர்க்கும்போது ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் நாம் அழகுக்காகச் சேர்த்த எழுத்தெல்லாம் அப்போது தமிழில் நெட்டெழுத்தாகவும் ஒற்றெழுத்தாகவும் முளைக்கும். யாழினியின் 'ழ'-வுக்கு நாம் போடும் 'இஸட் எச்' எல்லை தாண்டினால் வேறு மாதிரி வாசிக்கப்படும். அதற்காக 'ழ' வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தமிழ் வடிவத்தையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இனி எண் கணிதத்துக்கு வருகிறேன். யாருடைய நம்பிக்கையையும் குறை சொல்ல மாட்டேன். காமர்ஸ் படித்தவன் என்பதால் கூட்டல் கணக்கை மட்டும் காட்டுகிறேன். நம் ஊர்ப்பக்கம் அதிகம் புழங்கும் முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை ஓர் எண். அயர்லாந்தில் பிறந்த கீரோ என்பவர் இதைப் பிரபலப்படுத்தினார். அவர் 1936-இல் காலமானார். அந்தக் கணக்கில் முருகன் பெயரைப் போடுவோம். எம் 4, யூ 6, ஆர் 2, யூ 6, ஜி 3, ஏ 1, என் 5. மொத்தம் 27. இரண்டையும் கூட்டினால் 9. இப்போது 'ஜி'-க்குப் பதில் 'கே' போடுங்கள். 'கே'-க்கு எண் 2. மொத்தம் 26, கூட்டினால் 8. எட்டு என்றதும் பலருக்கு வயிற்றைக் கலக்கும். சரி, 'ஜி'-யையே வைத்து நடுவில் ஓர் 'எச்' சேருங்கள். 'எச்'-சுக்கு 5. மொத்தம் 32, கூட்டினால் 5. மலைமேல் நிற்கும் முருகன் அதே முருகன்தான். நாம் எந்த ஆங்கில எழுத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்து 9, 8, 5 என்று மாறிக்கொண்டே இருக்கிறார்.

நம் பெரியவர்களும் பெயருக்கு எழுத்துப் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது நட்சத்திர எழுத்து. கிருத்திகையில் பிறந்தால் அ, இ, உ, எ. அசுவினியில் பிறந்தால் சு, சே, சோ, லா. அது முழுக்க ஓசைக் கணக்கு. குழந்தையை ஒரு நாளைக்கு நூறு முறை எந்த ஓசையில் கூப்பிடப்போகிறோம் என்பதுதான் அங்கே முக்கியம். நம்பிக்கை உள்ளவர்கள் அந்த வழியில் பார்த்து வைத்தால் ஸ்பெல்லிங்கைத் தொடவே வேண்டியதில்லை.

நம் சி பிளாக்கில் ஓர் இளம் தாய் என்னிடம் கேட்டார்: "அங்கிள், ஓர் எச் கூடப் போட்டா என்ன குறைஞ்சிடப் போகுது?" அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். "இன்னிக்கு ஒண்ணும் குறையாதும்மா. ஐம்பது வருஷம் அந்த எச்சை எல்லா ஃபாரத்துலயும் மறக்காம எழுதப் போறது நீ இல்ல, உன் பொண்ணு. மறந்து ஒரு தடவை விட்டாலும் அலையப் போறதும் அவதான்."

அந்த அலைச்சல் எப்படிப்பட்டது என்பதை நான் பார்த்திருக்கிறேன். கணவர் இறந்து, அவர் போட்டு வைத்த வைப்புத்தொகையை வாங்க ஓர் அம்மா வருவார். நாமினி அவர்தான். ஆனால் வைப்பு ரசீதில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி பெயர். கவுண்ட்டரில் இருப்பவருக்கு அவரை இருபது வருடமாகத் தெரிந்திருக்கும். தெரிந்து என்ன செய்வது? தணிக்கைக்கு வருகிறவர் தாளைத்தான் பார்ப்பார். கடைசியில் முத்திரைத்தாள் வாங்கி, நோட்டரியிடம் போய், "இந்தப் பெயரில் உள்ளவரும் அந்தப் பெயரில் உள்ளவரும் ஒருவரே" என்று பிரமாணப் பத்திரம் கொண்டுவர வேண்டும். துக்கம் நடந்த வீட்டிலிருந்து வந்த அம்மா, "நான் நான்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அவர்கள் காலத்தில் அதற்குக் காரணம் படிப்பறிவு இல்லாததும், எழுதியவர் அவசரமும். இன்று நாம் படித்துவிட்டு, பணம் கொடுத்து, அதே நிலைமையைப் பிள்ளைகளுக்கு விலைக்கு வாங்குகிறோம்.

இப்போது எல்லாம் கணினிமயம் ஆயிற்றே, பிரச்சினை குறையாதா என்று கேட்கலாம். கூடித்தான் இருக்கிறது. மனிதர் என்றால் "ஓர் எழுத்துதானே" என்று விட்டுவிடுவார். கணினிக்கு அந்த இரக்கம் குறைவு. பத்து வருடம் கேட்பாரில்லாமல் கிடக்கும் வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளம் திறந்தார்கள். அதில் தேடத் தொடங்குவதே கணக்கு வைத்திருந்தவரின் பெயரைத் தட்டித்தான். 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். நல்ல வசதி. ஆனால் நான்கு பெயர், நான்கு ஸ்பெல்லிங் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இனிஷியலோடு வாழ்ந்த நம் ஆட்களுக்கு அது பெரிய தலைவலி.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானில் பெயரைச் சித்திர எழுத்தில் எழுதுவார்கள். ஒரே எழுத்தைப் பல விதமாக வாசிக்கலாம் என்பதால், பெற்றோர் அதற்கு யாரும் எதிர்பாராத வாசிப்புகளைக் கொடுக்கத் தொடங்கினார்கள். 'கிராகிரா' பெயர்கள் என்பார்கள். பளபளக்கும் பெயர்கள் என்று அர்த்தம். பள்ளியிலும் மருத்துவமனையிலும் பெயரை வாசிக்க முடியாமல் திணறினார்கள். 2025 மே மாதம் முதல் அங்கே குடும்பப் பதிவேட்டில் பெயரின் உச்சரிப்பையும் பதிய வேண்டும், அந்த உச்சரிப்பு பொதுவாக ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நமக்கு அப்படிச் சட்டம் இல்லை. நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எப்படிப் பார்த்துக்கொள்வது? எனக்குத் தெரிந்த சில வழிகள்.

1. முதலில் தமிழில் எழுதுங்கள். தாத்தா பாட்டியிடம் காட்டுங்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடமும் காட்டுங்கள். இருவரும் ஒரே மாதிரி வாசித்தால் பெயர் தேறிவிட்டது. பால்கனியில் நின்று திடலைப் பார்த்து ஒருமுறை கூப்பிட்டும் பாருங்கள்.

2. பெயரின் பொருளை அகராதியில் பாருங்கள். இணையத்தில் சில பட்டியல்களில் எந்தப் பெயரைத் தேடினாலும் "சூரியனின் முதல் கதிர்" அல்லது "கடவுளின் பரிசு" என்றுதான் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முருகனின் சினம் தணிந்த இடம் தணிகை. அதிலிருந்துதான் தணிகாசலம், தணிகைவேல். செங்கழுநீர்ப் பூவை விரும்பும் முருகன் செங்கல்வராயன். இப்படிப் பொருள் கேட்டால் நாளைக்குப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு கதை இருக்க வேண்டும்.

3. ஆங்கிலத்தில் இருப்பதிலேயே குறைந்த எழுத்துகளில் எழுதுங்கள். பெயரைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் சரியாக வாசித்தால் அதுதான் உங்கள் ஸ்பெல்லிங்.

4. இனிஷியலா, அப்பா பெயர் முழுசாகவா, வீட்டுப் பெயரா என்று கணவன் மனைவி இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். முதல் பிள்ளைக்கு ஒன்று, இரண்டாவது பிள்ளைக்கு ஒன்று என்று வேண்டாம். உங்கள் இருவர் பெயரும் பிறப்புச் சான்றிதழில் உங்கள் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.

5. அவசரப்படாதீர்கள். பிறப்பை 21 நாளைக்குள் பதிய வேண்டும். ஆனால் பெயரை, பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆகவே மருத்துவமனையில் ஃபாரத்தை நீட்டியவுடன் எதையாவது எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

6. பதிந்த பிறகு சான்றிதழை எழுத்துக்கு எழுத்து படித்துப் பாருங்கள். எழுத்துப்பிழை என்றால் ஆதாரம் காட்டித் திருத்தலாம். "மனசு மாறிவிட்டது, வேறு ஸ்பெல்லிங் வேண்டும்" என்றால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புதான் வழி. அதன் பிறகு ஒவ்வொரு சான்றிதழையும் மாற்றிக்கொண்டு வரவேண்டும்.

ஆறாவதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் புதுச் சட்டத் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் அதுதான் வேர். நாமெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை வைத்துக் காலத்தை ஓட்டினோம். இந்தப் பிள்ளைகளுக்கு முதல் தாளிலேயே எல்லாம் முடிவாகிவிடும்.

பெரிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் பள்ளியில் பெயர்ப்பட்டியலைக் காட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். அவசரமாகப் போட்டுவிட்டு வராதீர்கள். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். என் வயதுக்காரர்கள் இன்றைக்கே பாஸ்புக், வைப்பு ரசீது, இன்சூரன்ஸ் பாலிசி மூன்றையும் எடுத்து, நாமினி பெயர் அவரவர் ஆதாரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நாம் இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை இது.

செயலாளர் அனுமதி கொடுத்திருக்கிறார். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 முதல் 12 வரை சங்க அறையில் இருப்பேன். சான்றிதழ்களைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம். பெயர் இன்னும் வைக்காதவர்கள் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வரலாம். எந்தப் பெயர் வைப்பது என்று நான் சொல்லமாட்டேன். அது உங்கள் உரிமை. ஸ்பெல்லிங்கை மட்டும் ஒருமுறை வாசித்துக் காட்டுகிறேன்.